சிக்ஸர் மழையும் என் கொட்டாவியும்

போன வாரம் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு சண்டை. கைகலப்பு அளவுக்கு இல்லை, தயிர்சாதம் காய்ந்துபோகும் அளவுக்கு. டீமில் புதுசாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருத்தர், "அண்ணே, டெஸ்ட் மேட்ச் எல்லாம் இன்னும் யார் பாக்குறா? இங்க ஒரு மேட்சுக்கு நாப்பது சிக்ஸர் போகுது. அத விட்டுட்டு அஞ்சு நாள் கட்டை போடுறத உக்காந்து பாத்துட்டு..." என்று ஆரம்பித்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அங்கே ரெண்டு மணி மீட்டிங் வந்து பாதியில் நின்றுபோனதை இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்தருள்க.

முதலில் என் கட்சி என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டம் பார்க்க விறுவிறுப்பாக இருப்பதற்கும், அதில் எவ்வளவு "நடக்குது" என்பதற்கும் சம்பந்தம் இல்லை. வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. அடுத்து நடக்கப்போகிற ஒரு விஷயம் மேட்சின் முடிவை எவ்வளவு தூரம் புரட்டிப்போடும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. புரட்டும் என்றால் நாற்காலி நுனிக்கு வருவோம். புரட்டாது என்றால் ஒருத்தன் பந்தை நிலாவுக்கே அடித்தாலும் போனை எடுத்து நோண்டுவோம்.

நம்பலையா? 2024 ஏப்ரல் 15, பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம். ஹைதராபாத் 20 ஓவரில் 287. பதிலுக்கு பெங்களூரு 262. மொத்தம் 549 ரன், 38 சிக்ஸர். இந்த மேட்சை நான் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரைக்கும் நண்பன் ரூமில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். அந்த 38 சிக்ஸரில் ஒன்றையாவது இப்போது விவரிக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது. 240 பந்துக்கு 38 என்றால் கிட்டத்தட்ட ஓவருக்கு ஒன்று. ஓவருக்கு ஒன்று வருகிற பொருளுக்கு என்ன மதிப்பு இருக்கும்? பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு எலக்ட்ரிக் ட்ரெயின் வருவது மாதிரி. இது போனால் அடுத்தது.

அதற்கு 11 நாள் கழித்து கொல்கத்தாவில் இன்னொரு கூத்து. கொல்கத்தா 261 அடித்தது. பஞ்சாப் 262-ஐத் துரத்தி ஜெயித்தது. அன்றைய தேதிக்கு டி20-யில் உலக சாதனை சேஸ். எப்படி ஜெயித்தார்கள்? 8 விக்கெட் கையில், 8 பந்து மிச்சம். உலக சாதனையை, வீட்டுக்குப் போகிற வழியில் பால் பாக்கெட் வாங்குவது மாதிரி வாங்கிக்கொண்டு போனார்கள். பஞ்சாப் ரசிகர்களுக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வயிற்றைக் கலக்குகிற ஒரு நிமிஷமாவது அதில் இருந்ததா?

இப்போது இன்னொரு மேட்ச். 2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை, லண்டன் ஓவல் மைதானம். டெஸ்டின் ஐந்தாம் நாள். இங்கிலாந்து ஜெயிக்க 374 வேண்டும், 339-க்கு 6. அதாவது இன்னும் 35 ரன். நம்ம நேரப்படி மதியம் மூணரைக்கு ஆட்டம், எனக்கு அதே நேரத்துக்கு கால். மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருமணி நேரம்கூட ஆடவில்லை அன்றைக்கு. அந்த நேரத்துக்குள் என்ன பாடு! சிராஜ் ஒரு பக்கம் எடுக்கிறார், பிரசித் கிருஷ்ணா ஒரு பக்கம் எடுக்கிறார், ஒன்பதாவது விக்கெட்டும் விழுந்தாச்சு, இன்னும் 17 வேண்டும். அப்போது கிறிஸ் வோக்ஸ் இறங்கி வருகிறார். தோள் காயம், ஒரு கையைக் கட்டி ஸ்வெட்டருக்குள் வைத்திருக்கிறார், இன்னொரு கையில் பேட்.

அந்த மனுஷன் அன்றைக்கு ஒரு பந்துகூட ஆடவில்லை. ஒன்றுகூட. எதிர்முனையில் நின்று, வலியோடு ரன் ஓடினார், அவ்வளவுதான். அட்கின்சன் தூக்கி அடித்த பந்து எல்லைக்கோட்டில் ஆகாஷ் தீப் கையில் பட்டு அந்தப் பக்கம் விழுந்து சிக்ஸர் ஆனது. அந்த ஒரு சிக்ஸருக்கு எனக்கு வந்த நெஞ்சடைப்பு, பெங்களூருவின் 38-க்கும் சேர்த்து வரவில்லை. கடைசியில் சிராஜ் யார்க்கரில் அட்கின்சன் ஸ்டம்ப் பறந்தது. 6 ரன்னில் ஜெயித்தோம். இந்தியா இவ்வளவு கம்மி ரன் வித்தியாசத்தில் ஜெயித்த டெஸ்ட் வேறு கிடையாது. மியூட்டில் இருந்ததால் என் வேலை தப்பித்தது.

ஒரே விளையாட்டு, ஒரே சிக்ஸர். ஏன் ஒன்றுக்கு நெஞ்சடைப்பு, ஒன்றுக்குக் கொட்டாவி?

இதற்குப் பதில் நம்ம தெருப் பசங்களுக்கு எப்பவோ தெரியும். எங்கள் தெருவில் விதி என்ன? பந்து டைரக்டா காம்பவுண்டைத் தாண்டி வீட்டுக்குள் விழுந்தால் அவுட். மாடியில் விழுந்தால் அவுட்டோடு சேர்த்து அடித்தவனே போய் எடுத்துட்டு வரணும். மாடி வீட்டு மாமி பந்தைத் தரமாட்டார் என்கிற ஒரே காரணத்துக்காக உண்டான விதிதான். ஆனால் அதனால் என்ன ஆச்சு? தூக்கி அடிப்பதற்கு ஒரு விலை வந்துவிட்டது. தூக்கினால் பந்து எங்கே விழும் என்று பேட்ஸ்மேன், பவுலர், ஜோக்கராக ரெண்டு டீமுக்கும் ஆடுகிறவன், திண்ணையில் இருக்கிற தாத்தா எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். பெரிய போர்டுகளுக்குத் தெரியாத சூட்சுமம், பந்து வாங்கக் காசில்லாத பசங்களுக்குத் தெரிந்திருந்தது.

விலை. அதுதான் விஷயம். டெஸ்டில் ஒரு அணிக்குப் பத்து விக்கெட், ஆடுவதற்கு நாள் கணக்கில் நேரம். அதனால் விக்கெட் என்பது சேமிப்புக் கணக்கு, எடுத்தால் திரும்பி வராது. டி20-யில் அதே பத்து விக்கெட்டுக்கு மொத்தமே 120 பந்து. விக்கெட்டுக்கு 12 பந்து. பன்னிரண்டு பந்தில் 25 அடித்துவிட்டு அவுட் ஆனால் யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை, சொல்லப்போனால் கடமை முடிந்தது. இது போதாதென்று 2023-ல் ஐபிஎல்லில் இம்பாக்ட் ப்ளேயர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பவுலருக்குப் பதில் ஒரு பேட்ஸ்மேனை நடுவில் இறக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே மலிவாக இருந்த விக்கெட் இன்னும் மலிவாகிவிட்டது. அப்புறம் கயிறை வேறு உள்ளே இழுத்துப் போடுகிறார்கள், பிட்சைத் தார் ரோடு மாதிரி போடுகிறார்கள். தோற்பதற்கு வழியையெல்லாம் அடைத்துவிட்டு "வாங்க, விறுவிறுப்பைப் பாருங்க" என்றால் எங்கிருந்து வரும்?

உடனே "இவன் டி20-க்கு எதிரி, பழம்பெருமை பேசுற கேஸ்" என்று முத்திரை குத்த வேண்டாம். எனக்கு இன்னும் முப்பது ஆகலை சாமி. 2024 ஜூன் 9, நியூயார்க், இந்தியா - பாகிஸ்தான். அதுவும் டி20தான். நாம 119-க்கு ஆல் அவுட். பிட்ச் சரியில்லை, அமெரிக்காக்காரன் முன்னாடி மானம் போச்சு என்று பாதி மேட்சிலேயே ஆளாளுக்குப் புலம்பல். பாகிஸ்தான் 113-ல் நின்றது. பும்ரா 4 ஓவருக்கு 14 கொடுத்து 3 விக்கெட். ரெண்டு அணியும் சேர்த்து 232 ரன், பெங்களூரு மேட்சில் பாதிகூட இல்லை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்தால் விக்கெட் விழாது என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை, அது வேற கதை. அன்றைக்கு ஒவ்வொரு ஒற்றை ரன்னுக்கும் விலை இருந்தது. ஃபார்மட் இல்லைங்க பிரச்சனை.

அதே மாதிரி, ரெண்டு அணியும் ஆளுக்கு 500, 600 அடித்து டிராவாகிற டெஸ்டும் எனக்குத் தூக்கமாத்திரைதான். அங்கேயும் இதே வியாதி. பவுலருக்கு ஒன்றுமில்லாத பிட்ச்.

வேகம் வேகம் என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. செஸ்ஸை விட மெதுவான ஆட்டம் உண்டா? 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது, கடைசி ஆட்டம். நம்ம குகேஷும் டிங் லிரெனும் ஆறரைக்கு ஆறரை. போர்டில் காய்கள் பெரும்பாலும் போய்விட்டன. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா என்றுதான் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்கு வைத்தார். யானையும் யானையும் வெட்டி, மந்திரியும் மந்திரியும் வெட்டினால் மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு ஜெயம். திரையோரத்தில் கம்ப்யூட்டர் கணிப்புக்கு ஒரு பட்டை காட்டுவார்கள் இல்லையா, அது சடாரென்று ஒரு பக்கம் சாய்ந்தது. நமக்குத் தெரிந்துவிட்டது. குகேஷ் கண்டுபிடித்துவிட்டாரா என்று தெரியாது. ரெண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், எதுவுமே அசையவில்லை, எனக்கு இங்கே கை நடுங்குகிறது. இதில் எந்த சிக்ஸர், எந்த சியர் லீடர்?

எனக்குத் தெரிந்து இந்த சூட்சுமத்தை விதியிலேயே அழகாகக் கட்டிவைத்திருக்கிற ஆட்டம் கபடி. பொங்கலுக்கு எங்க ஊர் பக்கம் ட்யூப்லைட் கட்டி விடிய விடிய நடக்கும். அப்போது பார்த்த ஆட்டத்துக்கும், 2014-ல் தொடங்கிய ப்ரோ கபடி டிவிக்காக ஏற்றுக்கொண்ட விதிகளுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் கிரிக்கெட்காரர்கள் மாதிரி ஆட்டத்தை மலிவாக்கவில்லை, விலையை ஏற்றினார்கள். பாருங்கள்: ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. ஒரு அணி ரெண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரெய்டில் பாயின்ட் எடுத்தே ஆகணும், இல்லையென்றால் பாடிப் போனவன் அவுட். லீடு வந்துவிட்டது என்று சும்மா கோட்டைத் தொட்டுவிட்டு நேரத்தைக் கடத்திக்கொண்டே இருக்க முடியாது.

இதை விட எனக்குப் பிடித்தது சூப்பர் டேக்கிள். ஏழு பேரில் மூணு பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சியிருக்கும்போது ரெய்டரை மடக்கிவிட்டால் ஒன்றுக்குப் பதில் ரெண்டு பாயின்ட். அதாவது நொந்து நூலாகிக் கிடக்கிறவனின் பிடிக்குத்தான் மதிப்பு அதிகம். எதிரணிக்கோ அந்த மிச்சம் பேரையும் காலி பண்ணினால் ஆல் அவுட், கூடுதலாக ரெண்டு பாயின்ட். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பணம் மேசையில். இந்த விதியை யோசித்தவருக்கு ஒரு ஃபில்டர் காபி என் கணக்கில்.

டென்னிஸும் இந்த ஜாதிதான், பாயின்ட்டுக்குப் பாயின்ட் விலை மாறும். 2019 விம்பிள்டன் பைனலில் ஃபெடரர் எடுத்தது 218 பாயின்ட், ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு! ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று ஃபெடரர் சர்வ் போட்டுக்கொண்டிருந்தபோது ரெண்டே ரெண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட், ரெண்டும் போச்சு. அதே நாள், அதே லண்டனில், கிரிக்கெட் உலகக்கோப்பை பைனலில் ரெண்டு அணியும் 241. ரிமோட்டைப் பிய்த்து எறியாத குறையாக ரெண்டு சேனலுக்கும் நடுவில் அல்லாடினோம். 50 ஓவருக்கு 241 என்பது இன்றைய கணக்கில் "போர்" ஸ்கோர் இல்லையா? அதை மறுபடி ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அந்தத் தம்பி கடைசியாக வைத்த வாதம்: "அண்ணே, ஜனங்க அதத்தான் கேக்குறாங்க, கூட்டம் வருதுல்ல." வருகிறது. மறுக்கவில்லை. கல்யாண வீட்டில் முதல் ரெண்டு ஸ்வீட்டுக்கும் கூட்டம் வரும், அதற்காக இலை முழுக்க ஜாங்கிரியே வைத்தால்? எனக்கு அதுகூடப் பிரச்சனை இல்லை. என் கவலை வேறு.

அக்கா பையனுக்குப் பத்து வயசு. கிரிக்கெட் கோச்சிங் போகிறான். நன்றாகப் பந்து போடுவான், சின்ன வயசிலேயே நல்ல கை. போன லீவில் வந்தபோது பவுலிங் போடவே மாட்டேன் என்று அடம். ஏன்டா என்றால், "பவுலர்னா அடி வாங்குறவங்கதானே மாமா?" என்றான். அவன் பார்த்து வளர்ந்த கிரிக்கெட்டில் அது நிஜம்தான், நான் என்ன பதில் சொல்ல? அவர்கள் கோச்சிங்கில் பசங்க பேட்டிங்குக்கு வரிசை கட்டி நிற்கிறார்களாம், பந்து போட ஆளைத் தேட வேண்டியிருக்கிறதாம்.

லேப்டாப்பைத் திறந்து ஓவல் கடைசி நாளைப் போட்டுக் காட்டினேன். சிராஜ் எடுத்ததற்கெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். வோக்ஸ் இறங்கியதும் கிட்டே வந்தான்.

"அந்த அங்கிளுக்கு கை ஒடஞ்சிருக்கா?"

"தோள்ல அடி."

"எப்ப பேட்டிங் பண்ணுவாரு?"

"பண்ண மாட்டாருடா."

"அப்புறம் எதுக்கு வந்தாரு?"

பதில் சொல்வதற்குள் ஸ்டம்ப் பறந்தது. ஒன்றும் பேசாமல் அவனே பின்னால் தள்ளி, வோக்ஸ் படியிறங்கி வருகிற இடத்திலிருந்து மறுபடி போட்டான்.

பி.கு.: ஃபார்முலா ஒன் ரசிகர்கள் சண்டைக்கு வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். 2023-ல் 22 ரேஸில் 21-ஐ ரெட் புல் கார்தான் ஜெயித்தது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம், எனக்கு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம். :)