ஃபைல் மேலே போயிருக்கு, மேடம்

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மானியம் எப்போது வரும் என்று எப்போது போன் செய்தாலும் இதே பதில்தான். சென்னையில் வீடற்ற பெண்களுக்கான காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு அரிசி போடும் கடைக்காரர் பாக்கி கேட்கவே கூச்சப்படுகிறவர். இந்த மாதம் அவரும் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்: "அக்கா, நானும் மொத்த வியாபாரிக்குப் பதில் சொல்லணும்ல?"

இது நாலு நல்லவர்கள் மனமிரங்கி நடத்தும் அன்னதானக் கூடம் இல்லை. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் அது திறந்திருக்க வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதை விதியாகவே எழுதியது. தலைக்கு 50 சதுர அடி இடம், மூன்று ஷிப்டுக்கு மூன்று காப்பாளர்கள். 50 பேர் தங்கும் காப்பகத்தின் நடைமுறைச் செலவுக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட முழுசாக வராது.

அதையாவது வேளைக்குக் கொடுத்தால் என்ன? முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணையாம். கொடுக்கிறோம். பொதுப்பணம், பைசா விடாமல் கணக்குக் கேட்கட்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் சான்றிதழ் போய்ச் சேர்ந்த பிறகும் மாதக்கணக்கில் பணம் நகராவிட்டால், நடுவில் இருக்கிற நாட்களுக்கு யார் பொறுப்பு? கடன் வாங்கித்தான் ஓட்டுகிறோம். அந்தக் கடனுக்குக் கட்டிய வட்டியை எந்தத் தணிக்கையிலும் ஒப்புக்கொள்வதில்லை.

போன வாரம் நள்ளிரவில் ரோந்து போலீஸ் ஒரு பாட்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். வால்டாக்ஸ் ரோடு நடைபாதையில் கிடந்தவர். காலில் சீழ் வைத்த புண். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரை யாரையும் தொட விடவில்லை. காலையில்தான் திறந்து காட்டினார், மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ரேஷன் கார்டு. இனி அவருக்குப் புண் ஆற வேண்டும், ஆதாரில் முகவரி ஏற வேண்டும், முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட வேண்டும். அன்றைக்குக் கதவைத் திறந்து அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்த இரவுக் காப்பாளருக்கு மூன்று மாதமாகச் சம்பளமில்லை. அவருக்கும் வாடகை வீடுதான். அவரே தெருவுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

அந்த வாழ்வாதார இயக்கமும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. நகர்ப்புற வறுமை ஒழிப்புக்குப் புதிய திட்டம் இறுதி வடிவம் பெற்றுவருகிறது, வீடற்றோர் தங்குமிடமும் அதில் சேரும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. சேரட்டும். ஒரு திட்டம் முடிந்து இன்னொன்று வரும்வரை வயிறு காத்திருக்குமா? இடைக்காலத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்க யாருக்கும் ஏன் தோன்றவில்லை? மத்திய அரசின் பங்கா, மாநிலத்தின் பங்கா என்பதை அவர்கள் அப்புறம் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் பிறக்கும்போதே முதல் காலாண்டுப் பணத்தை முன்கூட்டிக் கொடுங்கள். கணக்கை மாதாமாதம் நான் அனுப்புகிறேன், எந்த நேரமும் வந்து நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அதற்கும் முன்னால் அந்த இரவுக் காப்பாளரின் மூன்று மாதச் சம்பளத்தைப் போடுங்கள்.