செய்தி சொன்ன குரல் அரசின் குரலாகும்போது

போர்க்காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்ந்தவர்களுக்கு வானொலி கேட்பதும் அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தது. இலங்கை வானொலி ஒரு கணக்கைச் சொல்லும். புலிகளின் குரல் வேறொரு கணக்கைச் சொல்லும். இரவில் பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸையும் கேட்டுவிட்டு, உண்மையில் என்ன நடந்திருக்கும் என்று வீட்டுக்கு வீடு ஒரு முடிவுக்கு வருவார்கள். படுவான்கரையில் பற்றரி தீர்ந்துபோன வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டார். எந்த நிலையம் என்பதோடு, யார் சொல்கிறார் என்பதையும் மக்கள் கவனித்தார்கள். சில செய்தியாளர்களின் குரல் வந்தால் மட்டுமே செய்தி உறுதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி மக்கள் நம்பிக்கை வைத்த ஒலிபரப்பாளர் ஒருவர், பின்னர் அரசின் தொடர்பாடல் தலைமைப் பதவிக்குப் போனால் என்ன நடக்கிறது? உலகெங்கும் இது வழமையாகிவிட்டது. இலங்கையிலும் புதிதல்ல. ஒருவர் வேலை மாறுவது அவருடைய உரிமை. ஆனால் அவர் கூடவே எடுத்துச் செல்லும் நம்பிக்கை அவருக்கு மட்டும் சொந்தமானதா என்பது வேறு கேள்வி. அரச அறிக்கைகளுக்கும் கண்ணால் கண்டதற்கும் இடையில் உறவுகளைப் பறிகொடுத்த மக்களுக்கு இது வெறும் ஊடகத்துறை விவகாரம் அல்ல.

டெல்லியில் ஒரு முன்னுதாரணம்

அண்மைக் காலத்தில் நன்கு பதிவான உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. பங்கஜ் பச்சௌரி பிபிசியிலும் பின்னர் என்டிடிவியிலும் பணியாற்றியவர். என்டிடிவியின் இந்தி அலைவரிசையில் 'ஹம் லோக்' என்ற விவாத நிகழ்ச்சியை நடத்தி வீடுகளில் அறிமுகமான முகம். 2012 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங்கின் தொடர்பாடல் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். அதற்கு முன் அந்தப் பணியைச் செய்த ஹரிஷ் கரே பத்திரிகை உலகத்திலிருந்து வந்தவர். அச்சு ஊடகக்காரருக்குப் பதிலாகத் தொலைக்காட்சிக்காரர் ஒருவரைக் கொண்டுவந்ததிலேயே அரசின் கவலை தெரிந்தது. ஊழல் குற்றச்சாட்டுகள் குவிந்திருந்த நேரம் அது. பிரதமர் பேசாமல் இருக்கிறார் என்பதே எதிர்க்கட்சிகளின் முதல் குற்றச்சாட்டு.

பச்சௌரி வந்ததோடு பிரதமர் அலுவலகத்தின் டுவிட்டர் கணக்கு தொடங்கப்பட்டது. அறிக்கைகளும் படங்களும் வேகமாக வெளிவந்தன. 2014 ஏப்ரலில், முன்னாள் ஊடக ஆலோசகர் சஞ்சய பாரு எழுதிய நூல் பிரதமரைப் பலவீனமானவராகக் காட்டியபோது, பத்து ஆண்டுகளில் பிரதமர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரைகள் ஆற்றியிருக்கிறார் என்று பச்சௌரி கணக்குக் காட்டினார். கணக்கில் பிழை இருக்கவில்லை. ஆனால் மக்கள் கேட்டது உரைகளின் எண்ணிக்கையை அல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்பதைத்தான். விவாத மேடையில் இருந்தபோது இதே கேள்வியை எந்த அமைச்சரிடமும் கேட்டிருக்கக்கூடியவர், இப்போது அதற்குப் பதிலாக எண்ணிக்கையை முன்வைக்க வேண்டியவராக இருந்தார். அவருடைய நேர்மையில் குறை காண இதைச் சொல்லவில்லை. அந்தக் கதிரையின் வேலையே அதுதான்.

அந்தக் காலப்பகுதி நம்மையும் தொட்டது. 2012 மார்ச் 22ஆம் திகதி ஜெனீவாவில் இலங்கை தொடர்பான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2013 நவம்பரில் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்கு மன்மோகன் சிங் வரவில்லை. வெளிவிவகார அமைச்சர் சல்மான் குர்ஷித் வந்தார். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர் தேசங்களிலும் எதிர்பார்க்கப்பட்டது, பிரதமர் ஏன் வரவில்லை என்ற ஒரு வரிதான். மகிந்த ராஜபக்சவுக்கு அனுப்பப்பட்ட கடிதத்தில் காரணம் சொல்லப்படவில்லை. அந்த முடிவில் தொடர்பாடல் ஆலோசகருக்கு என்ன பங்கு என்று நாம் தேடத் தேவையில்லை. அரசு பேசாதிருக்க முடிவெடுத்தால், எவ்வளவு திறமையான ஒலிபரப்பாளர் அங்கே இருந்தாலும் மௌனம்தான் வெளிவரும் என்பதை அது காட்டியது.

பிரித்தானியாவில் இந்தக் கதவு இரு பக்கமும் திறக்கிறது. பிபிசியின் அரசியல் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த ரொபி கிப் 2017இல் பிரதமர் தெரேசா மேயின் தொடர்பாடல் பணிப்பாளரானார். 2019இல் 'சேர்' பட்டம் பெற்றார். 2021இல் பிபிசியின் நிர்வாகச் சபைக்கே உறுப்பினராகத் திரும்பி வந்தார். ஒருவர் அரசுக்குப் போவதைவிட, அரசிலிருந்து ஊடகத்தை ஆளத் திரும்புவது அங்கே பெரிய வாதங்களைக் கிளப்பியது. வாதிடுவதற்காவது அங்கே இடம் இருந்தது.

கொழும்பின் வழமை

இலங்கையில் அந்த வாதமே பெரிதாக நடப்பதில்லை. கோட்டாபய ராஜபக்சவின் காலத்தில், ஹிரு தொலைக்காட்சியின் செய்திப் பணிப்பாளராக இருந்த சுதேவ ஹெட்டியாராச்சி ஜனாதிபதி ஊடகப் பிரிவின் பணிப்பாளர் நாயகமானார். தொலைக்காட்சி அறிவிப்பாளராக அறியப்பட்ட கிங்ஸ்லி ரத்நாயக்க ஜனாதிபதியின் பேச்சாளரானார். ஆட்சி மாறும்போதெல்லாம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், ரூபவாஹினி, ஐடிஎன் ஆகியவற்றின் தலைமைகள் மாறுவதும் நமக்குப் பழகிப்போன காட்சி. தென்னிலங்கையில் இதை அரசியல் நியமனம் என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். வாவிக்கரையில் அப்படிக் கடந்துபோக முடியாது. காரணம், அரச அறிக்கை என்ற ஒன்று இங்கே மனிதர்களின் சாவையே மாற்றி எழுதியிருக்கிறது.

1991 ஜூன் 12ஆம் திகதி கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியில் கண்ணிவெடியில் இராணுவத்தினர் இருவர் இறந்த பின்னர் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். துப்பாக்கிச் சண்டையின் நடுவில் அகப்பட்டு இறந்தார்கள் என்பதே இராணுவத் தரப்பு விளக்கம். பின்னர் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவே அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. 67 பேர் கொல்லப்பட்டதாகப் பதிவுசெய்தது. சாட்சி சொன்னவர்கள் அந்தக் கிராமத்து மக்கள்.

2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளியில் இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த பாடசாலை மீது எறிகணைகள் வீழ்ந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். புலிகள் மக்களை மனிதக் கேடயமாக்கினர் என்பதே அரச தரப்பின் பதில். அடுத்த சில மாதங்களில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்தைக் கடந்தது. 2007 மார்ச்சில் வாகரை மக்கள் திருப்பி அனுப்பப்பட்டபோது, சிலர் விருப்பமின்றி அனுப்பப்படுவதாக ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் கவலை வெளியிட்டது. கொழும்பின் அறிக்கையில் அது சுயவிருப்பிலான மீள்குடியேற்றம். அதே ஆண்டு ஜூலையில் குடும்பிமலை கைப்பற்றப்பட்டு, கொழும்பில் விழா எடுக்கப்பட்டது. தொலைக்காட்சிகளில் அந்த மலைக்கு 'தொப்பிகல' என்ற பெயர் மட்டுமே இருந்தது. நாம் தலைமுறைகளாகச் சொல்லிவந்த பெயர் செய்தியிலிருந்து காணாமல் போனது.

அரசு மட்டும்தான் இப்படிச் செய்தது என்று சொன்னால் அதுவும் உண்மையாகாது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டபோது, புலிகள் பொறுப்பை மறுத்தனர். அதிகாரம் உள்ள எந்தத் தரப்பும் தன் குரலுக்கு நல்ல ஒலிபரப்பாளரைத் தேடும். வாவிக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் இதை அனுபவித்து அறிந்தவர்கள்.

எல்லை வீதியில் முடிந்த ஒரு வாழ்க்கை

இந்தப் பின்னணியில் மட்டக்களப்பின் ஐயாத்துரை நடேசனின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். நெல்லியடியில் பிறந்து மட்டக்களப்பில் வாழ்ந்த அவர், வருமான வரித் திணைக்களத்தில் அரச ஊழியர். அதேநேரம் வீரகேசரிக்கும் சக்தி தொலைக்காட்சிக்கும் லண்டன் ஐபிசி வானொலிக்கும் செய்தியாளர். மாதச் சம்பளம் அரசிடமிருந்து வந்தது. ஆனால் மாலையில் வானொலியில் ஒலித்த குரலில் அரசின் பங்கு எதுவும் இருக்கவில்லை. 2001இல் இராணுவ அதிகாரிகள் அவரை அழைத்து விசாரித்து, அரசையும் படையினரையும் பற்றிய செய்திகளை நிறுத்தாவிட்டால் கைதுசெய்வதாக மிரட்டினர். அவர் நிறுத்தவில்லை. இயக்கத்தின் பிளவுக்குப் பின்னான கொந்தளிப்பான நாட்களில், 2004 மே 31ஆம் திகதி காலை, எல்லை வீதியில் வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஏப்ரலில், அதே மட்டக்களப்பு மண்ணின் தர்மரத்தினம் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். இரு கொலைகளுக்கும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

அரச ஊழியராக இருப்பதும் அரசின் குரலாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை நடேசனின் வாழ்க்கை காட்டுகிறது. வரிக் கணக்குப் பார்க்கும் கதிரையில் இருந்துகொண்டு ஒருவர் சுதந்திரமான செய்தியாளராக இருக்க முடிந்தது. தொடர்பாடல் தலைமைக் கதிரையில் அது முடியாது. அங்கே என்ன வெளியிடுவது, எப்போது வெளியிடுவது, எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது, யாருக்கு முதலில் கொடுப்பது என்பவை தீர்மானிக்கப்படுகின்றன. ஒலிபரப்பில் கற்ற திறமை முழுவதும் அதற்கே பயன்படுகிறது. எந்தக் கேள்வி உறுத்தும் என்று முன்கூட்டியே தெரிந்தவர், அந்தக் கேள்வி எழாதபடி அறிக்கையை எழுதவும் தெரிந்தவர்.

இன்று நமக்கு என்ன?

போர் முடிந்தாலும் இந்த இழுபறி முடியவில்லை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரையை மீட்கக் கோரிப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் அங்கே நிலைமையைப் பார்க்கப் போன ஊடகவியலாளர்களும் மதத்தலைவர்களும் மணிக்கணக்கில் மறித்து வைக்கப்பட்டனர். அத்துமீறியவர்களை வெளியேற்றப் பணிப்புரை விடுக்கப்பட்டதாக ஒக்டோபரில் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. பணிப்புரை செய்தியாகிவிட்டது, பண்ணையாளர்களோ அதற்குப் பின்னும் மாதக்கணக்கில் வீதியில்தான் இருந்தார்கள்.

இந்த இடைவெளியை அளக்கக்கூடியவர்கள் பிரதேசச் செய்தியாளர்கள் மட்டுமே. அவர்களில் பலருக்கு நிரந்தரச் சம்பளம் இல்லை. வெளியாகும் செய்திக்குத்தான் கொடுப்பனவு. மறுபுறத்தில் மாவட்டச் செயலகத்தின் ஊடகப் பிரிவு படத்துடன் எழுதி முடித்த செய்தியை இலவசமாக அனுப்புகிறது. அதை அப்படியே வெளியிடும் தளங்களில் வாசகருக்கு எது அறிக்கை, எது செய்தி என்று தெரியாமல் போகிறது. ஒலிபரப்பாளர் ஒருவர் அரசுக்குப் போவதைப் பற்றி மட்டும் கோபப்பட்டுவிட்டு, அரச அறிக்கை செய்தியாக உடுத்து நம் கைபேசிக்கு வருவதைக் கவனியாமல் விடக்கூடாது.

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. செய்தித் தலைமையில் இருந்தவர் அரச தொடர்பாடல் பதவிக்குப் போவதற்கும், அங்கிருந்து ஊடக நிர்வாகத்துக்குத் திரும்புவதற்கும் இடையில் ஒரு கால இடைவெளி சட்டத்தில் வேண்டும். அரச அறிக்கைகள் சிங்களத்தில் வரும் அதே நேரத்தில் தமிழிலும் வர வேண்டும். நமது இணையத்தளங்கள் ஊடகப் பிரிவின் அறிக்கைக்கு மேலே அது அறிக்கை என்று எழுத வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் விண்ணப்பிக்கலாம். 14 வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். ஒரு பணிப்புரை உண்மையில் எழுத்தில் விடுக்கப்பட்டதா, யாருக்கு, எந்தத் திகதியில் என்று கேட்க அதுவே போதும். கிராம அபிவிருத்திச் சங்கமோ பண்ணையாளர் சங்கமோ அதைச் செய்யலாம்.

மகிழடித்தீவில் இறந்தவர்கள் சண்டையின் நடுவில் அகப்பட்டவர்கள் என்ற விளக்கத்தைத் தோற்கடித்தது எந்த ஒலிபரப்பாளரின் குரலும் அல்ல. ஆணைக்குழுவின் முன் போய் நின்று பெயர்களையும் இடங்களையும் சொன்ன மக்களின் சாட்சியம். நம்பிய குரல்கள் நாளை எந்த அலுவலகத்திலும் இருக்கலாம். பெயர், திகதி, இடம் ஆகியவற்றோடு நாம் எழுதி வைத்திருப்பவை நம்மிடமே இருக்க வேண்டும்.