விலையேறிய மிதிவண்டி மலையேற உதவுமா?

மிதிவண்டி ஏழையின் வாகனம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இரப்பர் தோட்டத்தில் பிறந்த எந்தத் தாத்தாவைக் கேட்டாலும் அவரிடம் ஒரு சைக்கிள் கதை இருக்கும். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனது, பால்வாளியைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு ஓட்டியது, பிள்ளையை முன்கம்பியில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டது எல்லாமே அந்தக் கறுப்பு ராலே, ஹெர்குலிஸ் சைக்கிள்களில்தான். இன்றோ, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரம் நின்று பாருங்கள். 15,000 வெள்ளி, 20,000 வெள்ளி விலையுள்ள சைக்கிள்கள் நம்மைக் கடந்து போகும். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு இந்த மோகம் மேலும் கூடியது. கடைகளில் சைக்கிள் கிடைக்காமல் காத்திருந்தவர்களும் உண்டு.

மோகம் யாருக்கு வந்தாலும் நமக்கென்ன என்று இருந்துவிடலாம். ஆனால் பல்கலைக்கழக மாணவர்களாகிய நம்மிடையேயும் அது நுழைந்துவிட்டது. பி.டி.பி.டி.என். கடன் கைக்கு வந்தவுடன் கைப்பேசி வாங்கிய காலம் போய், தவணையில் கார்பன் சைக்கிள் வாங்கலாமா என்று யோசிக்கும் காலம் வந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளம் வாங்கும் ஒருவர், சோறு தண்ணீர் இல்லாமல் 12 மாதம் சேர்த்தால் 20,400 வெள்ளி ஆகும். அதாவது, ஒரு தொழிலாளியின் ஓராண்டு உழைப்பு இரண்டு சக்கரங்களின் மேல் உருண்டு போகிறது. நம்மில் பலரின் பெற்றோர் வாங்குவது ஏறக்குறைய அந்தச் சம்பளம்தான்.

அப்படியானால் தாத்தாவின் சைக்கிளே போதும் என்று முடித்துவிடலாமா? அதுவும் சரியாகாது. உணர்ச்சிவசப்பட்டுப் பழமையைப் புகழ்வது நம் மேடைகளில் எளிதாகக் கைதட்டல் வாங்கும். மலைச் சாலையோ அதற்கு மயங்காது.

ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். சைக்கிள் கதைகள் இரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருகின்றன. தேயிலைத் தோட்டங்களிலிருந்து அதிகம் வருவதில்லை. 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல், அந்த மலைச்சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து பறித்த நம் மக்கள் நடந்தேதான் போனார்கள். பறித்த கொழுந்து லோரியில் போனது. காரணம் எளிது. பழைய சைக்கிளில் இருப்பது ஒரே ஒரு கியர். முன்னால் 46 பல், பின்னால் 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்று வைத்துக்கொண்டால், மிதியை ஒரு முறை முழுதாகச் சுற்றும்போது வண்டி 5.5 மீட்டருக்கு மேல் போக வேண்டும். சமதரையில் அது சுகம். சுங்கை பாலாஸ் தோட்டத்திற்குப் போகும் குறுகிய பாதையின் ஏற்றத்தில் முழங்கால்தான் கழன்றுவிடும். சில வண்டிகளில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் இருந்தது. அதுவும் இந்த ஏற்றத்துக்குப் போதாது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. அந்த வண்டிகளின் பிரேக், இரும்புக் கம்பிகளால் இழுக்கப்பட்டு, முலாம் பூசிய இரும்பு விளிம்பில் ரப்பர் கட்டையை அழுத்தும். மழையில் நனைந்த விளிம்பில் அது வழுக்கிக்கொண்டே போகும். மழைக்குப் பேர் போன கேமரன் மலையில் அதை நம்பி இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

பழைய சைக்கிளுக்குப் பலமில்லை என்று சொல்லவில்லை. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர் சைக்கிள்களிலேயே தீபகற்பத்தைக் கடந்தார்கள். டயர் வெடித்த பின்பும் வெறும் விளிம்பில் ஓட்டினார்கள். ஆனால் அவர்கள் ஓட்டியது பெரும்பாலும் நல்ல தார்ச் சாலையில். மலையேற்றம் வேறு கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்மில் ஒருவர், தண்ணீர்ப் புட்டி, காலணி எல்லாம் சேர்த்து 68 கிலோ என்று கொள்வோம். 20,000 வெள்ளிச் சைக்கிள் 8 கிலோ. 2,000 வெள்ளிச் சைக்கிள் 12 கிலோ. மேலே ஏற்ற வேண்டிய மொத்த எடை முறையே 76 கிலோ, 80 கிலோ. வேறுபாடு நூற்றுக்கு ஐந்து. நாலு மணி நேரம் ஏறும் ஒருவருக்கு இதனால் மிச்சமாவது ஏறக்குறைய 10 நிமிடம். பந்தயக்காரருக்கு 10 நிமிடம் என்பது உயிர். தூர் டி லங்காவி போட்டி கேமரன் மலைக்கு வந்த ஆண்டுகளில் நொடிகளுக்காகவே மோதினார்கள். நமக்கு அந்த 10 நிமிடம் எதற்கு? ரிங்லெட்டில் ஒரு தே தாரேக் குடிக்கவே அதற்குமேல் ஆகிறது! உடம்பில் நாலு கிலோ குறைத்தாலும் அதே 10 நிமிடம் கிடைக்கும், அதுவும் இலவசமாக. கார்பன் சட்டங்கள் பரவுவதற்கு முந்தைய காலத்திலேயே நம் எம். குமரேசன் மலேசியாவுக்காக ஒலிம்பிக் வரை சைக்கிள் ஓட்டிச் சென்றார் என்பதையும் நினைவில் கொள்வோம்.

ஆக, மலையில் காசுக்கு மதிப்புத் தருபவை இரண்டே: சிறிய கியர், நல்ல பிரேக். இன்றைய மலைச் சைக்கிளில் முன்னால் 32 பல், பின்னால் 50 பல் இருந்தால், மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி 1.5 மீட்டர்தான் நகரும். பாட்டி நடக்கும் வேகத்தில் போகலாம். ஆனால் போய்ச் சேரலாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக் மழையிலும் இரண்டு விரல்களுக்குக் கட்டுப்படும். இவ்விரண்டும் 2,000, 3,000 வெள்ளி வண்டியிலேயே கிடைக்கின்றன. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வோர் ஆயிரமும் சில நூறு கிராம்களைக் குறைப்பதற்கும், பெயருக்கும்தான். விலையுயர்ந்தது என்பதாலேயே பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. ரப்பர் பிரேக் பிடிக்கும் கார்பன் விளிம்புகள் நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பழுதான சம்பவங்கள் உலகெங்கும் உண்டு.

பழுது என்றவுடன் இன்னொன்று. தாத்தாவின் சைக்கிளை ஒரு ஸ்பேனர் வைத்திருந்த எந்தச் சீனர் கடையிலும் சரிசெய்தார்கள். இன்றைய உயர்விலை வண்டியில் கியர் மாற்றுவது மின்கலம். அது செத்தால், உதிரிப்பாகம் வரும்வரை வண்டி சுவரில் சாய்ந்து கிடக்கும்.

என் கருத்தில் மாணவருக்கு ஏற்றது பாட்டன் காலத்து வண்டியுமன்று, பளபளக்கும் புதியதுமன்று, இடைக்காலத்து வண்டி. 1990-களின் குரோமோலி இரும்புச் சட்டமுள்ள மலைச் சைக்கிள் சில நூறு வெள்ளிக்குப் பழைய விலையில் கிடைக்கும். முன்னால் மூன்று பல்சக்கரம் இருக்கும். அதில் சிறியது 22 அல்லது 24 பல், பின்னால் பெரியது 28 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 1.6 அல்லது 1.7 மீட்டர்தான், 20,000 வெள்ளி வண்டியைப் பார்த்து வெட்கப்பட வேண்டிய அவசியமில்லை. அலுமினிய விளிம்பில் பிடிக்கும் வி-பிரேக், டிஸ்க் அளவுக்கு இல்லாவிட்டாலும், பழைய கம்பி பிரேக்கைவிடப் பல மடங்கு மேல்.

வாங்குமுன் பிரேக் கட்டை உரசும் விளிம்பைக் கைவிரலால் தடவிப் பாருங்கள். குழிவாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தை மாற்றியாக வேண்டும். சட்டத்தில் பெடல் அச்சு நுழையும் இடத்தைச் சுற்றித் துரு, வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சங்கிலியும் பிரேக் கட்டைகளும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். சேர்த்தால் 100 வெள்ளிக்குள் முடியும். தாப்பா சாலையில் காய்கறி லோரிகள் இறங்கும். ஆகவே விடியற்காலையில் ஏறத் தொடங்குங்கள், பின்விளக்கை மறக்காதீர்கள்.