தலையில் பட்ட அடியும் கழுத்தின் பங்கும்

2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து, தலைக்கவசத்துக்குக் கீழே கழுத்தில் தாக்கி ஆஸ்திரேலிய மட்டையாளர் ஸ்டீவ் ஸ்மித் தரையில் சாய்ந்ததைக் கண்டவர்கள், அவர் பரிசோதனையில் தேறி ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் மீண்டும் மட்டையுடன் இறங்கி 92 ஓட்டங்களில் ஆட்டமிழந்ததையும், மறுநாட் காலையில் தலைவலியும் மந்தமும் தோன்றவே விலக்கப்பட்டு, அடுத்த டெஸ்டிலும் ஆடாதிருந்ததையும் மறந்திருக்கமாட்டார்கள். வைத்தியர்கள் பக்கத்திலேயே இருந்த ஒருவருக்கே மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் ஓர் இரவு கழித்துத்தான் வெளிப்பட்டன என்றால், பள்ளி மைதானத்தில் கபடி ஆடுகையில் எதிராளியின் முழங்காலில் மண்டை மோதி, "ஒன்றும் இல்லை, சார்" என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழும் பையனின் சொல்லை நாம் எவ்வாறு நம்புவது?

தலையைக் குலுக்கிய வேகம் கழுத்தை மட்டும் விட்டுவைக்க நியாயமில்லை. பிடரிக்கு மேலே மண்டையோட்டின் அடியில் உள்ள சிறு தசைகள், தலை எத்திசையில் திரும்பியிருக்கிறது என்பதை மூளைக்குக் கணந்தோறும் அறிவிப்பவை. அவை பழுதுற்றால், தலைவலியும் கிறுகிறுப்பும் தள்ளாட்டமும் வாரக்கணக்கில் நீடிக்கக்கூடும். இதைப் பரீட்சிக்கும் முறை எளியது: சுவருக்கு எதிரே உட்காரவைத்து, நெற்றிப்பட்டையில் சிறு லேசர் விளக்கைப் பொருத்தி, கண்களை மூடித் தலையைத் திருப்பி மீண்டும் பழைய நிலைக்கே கொண்டுவரச் சொல்வார் பிசியோதெரபிஸ்ட், ஒளிப்புள்ளி குறியைவிட்டுச் சில விரற்கடை விலகி நின்றால், கழுத்தின் நிதானம் கெட்டிருக்கக்கூடும் என்று சந்தேகிக்கலாம். சிகிச்சையும் ஆடம்பரமானதன்று, மல்லாந்து படுத்து முகவாயை மெல்ல உள்ளிழுத்துச் சில விநாடிகள் நிறுத்துவது போன்ற பயிற்சிகளே அதில் பெரும்பகுதி.

2014இல் கனடா நாட்டு நிபுணர்கள், 12 முதல் 30 வயது வரையுள்ளவர்களாய், மூளை அதிர்ச்சிக்குப் பின் நெடுநாள் அறிகுறிகள் நீங்காதவர்களாய் இருந்த சிலரைக் கொண்டு நடத்திய ஆய்வில், கழுத்துக்கும் உடற்சமநிலைக்கும் சிகிச்சை பெற்ற 15 பேரில் 11 பேர் எட்டு வாரங்களுக்குள் ஆடத் தகுதி பெற்றனர். அச்சிகிச்சை பெறாத 14 பேரில் ஒருவரே அந்நிலையை எய்தினார். சிறிய ஆய்வுதான், ஆயினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மூளை அதிர்ச்சி நிபுணர் மகாநாடும், பத்து நாளுக்கு மேல் கழுத்துவலியோ கிறுகிறுப்போ தலைவலியோ நீடிப்பவர்களுக்கு இத்தகைய சிகிச்சையைச் சிபாரிசு செய்ததோடு, குணமாகும்வரை இருட்டறையில் கிடக்கும் பழைய முறையைக் கைவிட்டு, முதல் ஓரிரு நாள் ஓரளவு இளைப்பாறும்போதே மெல்ல நடக்கலாம் என்றது. வலுவான கழுத்தே அதிர்ச்சியைத் தடுத்துவிடும் என்ற பிரசாரத்தை மட்டும் நான் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.

நம்மூரிலோ கழுத்து பிடித்துக்கொண்டது என்றதும் சுளுக்கு வழிக்கவோ, முடிதிருத்தும் கடையில் சொடக்கு எடுக்கவோ அழைத்துப்போகும் வழக்கம் உண்டு; அடிபட்ட கழுத்தில் அது பேரபாயம். உடற்பயிற்சி ஆசிரியர்களே, அடிபட்ட பிள்ளையை அன்றைய ஆட்டத்தில் மீண்டும் இறக்காதீர்கள். வாந்தி, மயக்கம், கைகால் தளர்ச்சி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பெற்றோர்களே, வைத்தியர் 'இனி ஆடலாம்' என்று எழுதித் தரும்போது, கழுத்தையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.