துரு தின்னும் பொதுச்சொத்து

சென்ற வாரம் வன்னிப் பகுதியிலுள்ள ஒரு கராஜிலே நாம் கண்ட காட்சியொன்று எம்மை இத் தலையங்கத்தை எழுதத் தூண்டியது. கமக்காரர் சங்கமொன்றின் உழவு இயந்திரமும் அதன் பெட்டியும் அங்கே நின்றன. பெட்டியின் பின்விளக்கு எரியவில்லை. பொலிசார் மறித்து எச்சரித்திருந்தனர். அதனைத் திருத்தவே கொண்டுவந்திருந்தனர். அரைமணி நேர வேலை என்று எண்ணி, சங்க அன்பர்கள் சிலர் மரநிழலில் எம்மோடு பேசிக்கொண்டு நின்றனர்.

விளக்குக்குச் செல்லும் வயரைத் தேடி, மெக்கானிக் பெட்டியின் அடிப்பலகை இரண்டைக் கழற்றினார். கழற்றியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் எம்மை அழைத்துக் காட்டினார். பலகையின் கீழே, சட்டத்தை இணைக்கும் குறுக்கு இரும்பு ஓரிடத்தில் விரலால் அழுத்தவே உதிர்ந்தது. ஸ்பிறிங் தகடுகளில் இரண்டாவது வெடித்திருந்தது. சில்லொன்றைக் கழற்றியபோது, பெயாரிங்கிற்கு இட்ட கிறீஸ் காய்ந்து கறுத்துக் கரிபோலாகியிருந்தது. உருளைகள் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போற் குழிவிழுந்து கிடந்தன. மற்றச் சில்லில் இரண்டு நட்டுகள் இல்லை. உழவு இயந்திரத்தோடு பெட்டியைப் பிணைக்கும் கண்வளையம் வட்டவடிவை இழந்து முட்டை வடிவாய்த் தேய்ந்திருந்தது. அவ்வளையத்துள் இட்டிருந்தது அதற்குரிய ஆணியன்று. கட்டடக் கம்பியில் வெட்டியெடுத்த ஒரு துண்டு! அது கழன்று விழாதபடி காக்கும் கொழுவியும் இல்லை.

இந்தப் பெட்டியிலேதான் சென்ற போகத்தில் நெல் மூடைகள் ஏறின. இதிலேதான் களை பிடுங்கச் செல்லும் பெண்கள் பன்னிருவரும் பதின்மூவருமாக நாள்தோறும் காலையில் ஏறி, மாலையில் இறங்கினர். அவர்களுள் எவருக்கும் ஒன்றும் நேராதது எவருடைய கெட்டித்தனத்தாலுமன்று.

வெடித்த ஸ்பிறிங் தகட்டை எடுத்துப் பார்த்தபோது மெக்கானிக் கூறிய ஒரு சொல்லை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். “இன்று உடைந்திருந்தால் உடைந்த வாய் வெள்ளையாய் இருக்கும். இது உள்ளேயும் துருப்பிடித்திருக்கிறது. உடைந்து பல மாதம்” என்றார். நீதிமன்றத்திலே நாம் கேட்ட நிபுணர் சாட்சியங்கள் பல. இதைவிடத் தெளிவான சாட்சியத்தைக் கேட்டதில்லை. இரும்பு பொய் சொல்வதில்லை. எப்பொழுது கைவிடப்பட்டேன் என்பதை அது தன் உடம்பிலேயே எழுதிவைக்கின்றது.

யார் குற்றவாளி? சாரதியைக் கேட்டோம். “நான் ஓட்டுபவன், பழுது பார்ப்பது சங்கத்தின் பொறுப்பு” என்றார். செயலாளர், சாரதி ஒன்றும் அறிவிக்கவில்லை என்றார். பொருளாளர், பராமரிப்புக்கென்று பொதுக்கூட்டம் பணம் ஒதுக்கவில்லை என்றார். ஒவ்வொருவர் கூற்றும் உண்மையே. அதுவே இதிலுள்ள அவலமாகும். இயந்திரம் வந்த நாளில் மாலையிட்டோர் பெயர்கள் கூட்டக் குறிப்பேட்டில் வரிசையாக இருக்கின்றன. கிறீஸ் இட்ட நாள் எங்கும் இல்லை.

ஒரு சங்கத்தை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ வளவுகளில் இதே நிலையைக் காணலாம் என்பதனாலேயே எழுதுகின்றோம்.

எமது பாட்டன்மார் மாட்டு வண்டில் வைத்திருந்தனர். வண்டிலைப் பூட்டுமுன் கடையாணியைக் கையால் தொட்டுப் பார்ப்பது அவர்களுக்கு விபூதி பூசுவது போன்ற வழக்கம். அச்சுக்கு எண்ணெயிடாது வண்டில் புறப்படாது. அச்சு இறுகினால் மாடு தயங்கும். மாடு தயங்கினால் மனிதன் இறங்கிப் பார்ப்பான். உழவு இயந்திரத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. பெயாரிங் இறுகினாலும், சில்லு சாய்ந்தாலும், முன்னே நிற்கும் இயந்திரம் இழுத்துக்கொண்டே போகும். ஓட்டுபவருக்குத் தெரிவது ஒன்றுமில்லை. ஆகவே மாடு செய்த எச்சரிக்கையை இன்று மனிதனே செய்யவேண்டியவனாகின்றான். எஞ்சின் நின்றுவிட்டால் வேலை நின்றுவிடும். எனவே எஞ்சினைக் கவனிக்கின்றோம். பெட்டி நிற்பதில்லை, எனவே பெட்டியை மறக்கின்றோம்.

அந்தப் பெட்டி சுமப்பது எவற்றை? யூரியாவும் பொட்டாசுப் பசளையும் அதில் ஏறுகின்றன. பொட்டாசுப் பசளையாக நாம் வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைட்டு. உப்பைப் போலவே இரும்பை அரிப்பது. கிழிந்த மூடையிலிருந்து சிந்தியது பலகை இடுக்கினால் இறங்கிச் சட்டத்தின்மேற் படிகின்றது. வயற்சேறு அதன்மேல் அப்பி ஈரத்தைப் பிடித்துவைக்கின்றது. மாரி முழுவதும் பெட்டி வெளியில் நனைகின்றது. மேலே பலகை புதிதாய்த் தோன்றும். கீழே இரும்பு கரைந்துகொண்டிருக்கும். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி அடியைக் கழுவினால் பெரும்பகுதி தீரும் தீங்கு இது.

சட்டம் என்ன சொல்கின்றது என்று கேட்போருக்கு ஒரு வழக்கை நினைவூட்ட விரும்புகின்றோம். இங்கிலாந்திலே ஐந்து வயதான லொறியொன்று இறக்கத்தில் வருகையில் தடுப்பு இயங்காமற்போய் ஒருவரைக் கொன்றது. பிறேக் ஒயில் செல்லும் குழாய் அரித்து ஓட்டை விழுந்திருந்தது. அரித்த இடமோ, குழாயைக் கழற்றினாலன்றிக் கண்ணுக்குத் தெரியாத இடம். “தெரிந்த பகுதியை ஒழுங்காகப் பார்த்தோம், மறைந்த பழுதுக்கு நாம் பொறுப்பல்லோம்” என்றனர் உரிமையாளர். ஹென்டர்சன் எதிர் ஜென்கின்ஸ் எனும் அவ்வழக்கில், 1969ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை, நீதியரசர் ஐவருள் மூவரின் முடிவால் அவ்வாதத்தை நிராகரித்தது. பழுது மறைந்திருந்தது என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த லொறி எவ்வகைச் சுமைகளை ஏற்றியது, அரிக்கும் பொருள் எதையேனும் சுமந்ததா, அவ்வரலாற்றுக்கேற்ற விசேட பரிசோதனை செய்யப்பட்டதா என்பதை உரிமையாளரே எடுத்துக்காட்டல் வேண்டும் என்பதே அத் தீர்ப்பின் சாரம்.

ஆங்கில நாட்டுத் தீர்ப்பு எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பதை அறிவோம். ஆயினும் அதன் நியாயம் கமக்காரன் வளவில் நிற்கும் பெட்டிக்கு எத்துணைப் பொருத்தம்! பசளை ஏற்றியது எமக்குத் தெரியும். உப்பு ஏற்றியது தெரியும். வெள்ளத்திலே அச்சு மூழ்க ஓடியது தெரியும். இவ்வளவும் தெரிந்த பின்னர், “அடியில் இருந்தது தெரியாது” என்று கூறும் உரிமை எமக்கு உண்டோ?

ஆண்டுதோறும் பெறும் வருமான உத்தரவுப் பத்திரத்தைக் காட்டி மனவமைதி கொள்வோரும் உளர். அப்பத்திரம் வரி கட்டியதற்குச் சான்று. அச்சு நலமாயிருப்பதற்குச் சான்றன்று. புகைப் பரிசோதனை புகையைப் பார்க்கும், தடுப்பைப் பாராது. காப்புறுதியும் பொதுவாகத் தேய்மானத்தை ஏற்பதில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் எமது நாட்டில் இருக்கின்றது. ஆனால், எந்தச் சட்டமும் பெட்டியின் கீழே குனிந்து பார்ப்பதில்லை. குனியவேண்டியவர் உரிமையாளரே.

கமக்காரரை மட்டும் நாம் குறைகூறினால் அது நேர்மையாகாது. வைத்தியரும் ஆசிரியரும் சட்டத்தரணியும் எழுதுவினைஞரும் தத்தம் கார்களின் கீழே எப்பொழுது பார்த்தனர்? பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 எனும் வகை புதிதாயிருக்கையிற் குறைந்தது 205 பாகை செல்சியசிற் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்திலே தடுப்பு சூடேறும்போது ஒயில் கொதித்து ஆவியானால், மிதித்த கால் வெறுமையிற் புதையும். ஒயிற் கிண்ணம் நிரம்பியிருக்கின்றது என்று மகிழ்வோர், அது எத்தனை ஆண்டுப் பழையது என்று கேட்பதில்லை. ரயரிலும் அப்படியே. தேயவில்லை என்று பார்க்கின்றோம், வயதைப் பார்ப்பதில்லை. ரயரின் பக்கத்திலுள்ள உற்பத்திக் குறியீட்டின் இறுதி 4 இலக்கங்கள் அதன் பிறப்பைக் கூறும்; 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் பிறந்தது. வெயிலில் நின்று பக்கம் வெடித்த அத்தகைய ரயரில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்படும் படித்தவர்களை நாம் அறிவோம்.

இந்நிலைக்குக் காரணம் ஏழ்மை மட்டுந்தானா? ஏழ்மைக்கும் இதிற் பங்குண்டு, மறுக்கமாட்டோம். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வாகனங்களே மேலும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியவையாயின. 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளைத் தடை விளைச்சலைக் குறைத்தது. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. உதிரிப்பாகங்களின் விலையும் அதனோடு ஏறியது. கடனில் நிற்கும் கமக்காரன் பெயாரிங் வாங்குவதைப் பின்போட்டான் என்றால் அவனைத் திட்ட எமக்கு நா எழாது.

ஆனால், இதனினும் கொடிய காலத்தையும் நாம் கண்டவர்கள். 1990ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்கீழ் டீசலும் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வடக்கிற்கு வரவில்லை. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இல்லாத பாகத்தைக் கடைசல் பட்டறையிற் கடைந்தெடுத்தோம். அரை நூற்றாண்டு வயதான ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் எமது தெருக்களில் ஓடின. ஒரு நட்டைக்கூட எறியாத கைகள் அவை! அன்று ஒன்றும் கிடையாத நாளில் எல்லாவற்றையும் பேணிய மக்கள், இன்று கடைக்குச் சென்றால் கிடைக்கும் கிறீசை இடாமல் அச்சை அழியவிடுகின்றோம் என்றால், அது வறுமையின் குற்றமன்று, கவலையீனத்தின் குற்றமேயாகும்.

பொதுச்சொத்தாயின் கவலையீனம் இரட்டிக்கின்றது. போர் முடிந்தபின் இந்திய அரசு வட மாகாணத்துக்கு 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. பிற உதவிகளாலும் இயந்திரங்கள் வந்தன. உதவி தருவோர் இயந்திரத்தைத் தருவர். ஆண்டுதோறும் கிறீஸ் தரமாட்டார். அது எமது கடமை. தன் சொந்த மோட்டார் சைக்கிளை ஞாயிறுதோறும் துடைப்பவன், சங்கத்துப் பெட்டியை மழையில் விட்டுச் செல்கின்றான். எல்லோருக்கும் உரியது எவருக்கும் உரியதன்று என்று ஆகிவிடுமானால், நாளை பெரிய நிறுவனங்களையும் திட்டங்களையும் எம்மவர் நடத்துவர் என்று எந்த வாயால் உரிமை கோருவோம்? தன்னைத் தானே ஆளும் தகுதி, சங்கத்து வளவிலேயே சோதிக்கப்படுகின்றது.

ஆகவே, சங்கங்களின் முன்னும் தனி உரிமையாளர் முன்னும் நாம் சில கோரிக்கைகளை வைக்கின்றோம்.

முதலாவது, ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி ஏடு திறக்கப்படல் வேண்டும். என்ன சுமை ஏற்றியது, எந்நாள் கிறீஸ் இடப்பட்டது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பன கையொப்பத்துடன் அதில் எழுதப்படுக. முன் சொன்ன வழக்கில் உரிமையாளரிடம் இல்லாமற்போன சாட்சியம் இதுவேயாம்.

இரண்டாவது, வாடகையாக வரும் பணத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்கென்று தனிக்கணக்கில் இடப்படல் வேண்டும். பெறுமானத் தேய்வு என்று கணக்காய்வாளர் ஏட்டில் எழுதும் தொகை வெறும் இலக்கமாயிராது, வங்கியிற் கிடக்கும் பணமாயிருக்கட்டும். எமது கணக்காளர்களும் ஆசிரியர்களும் மாதத்தில் ஒரு மாலையைச் சங்கத்துக்குக் கொடுத்தால் இது அரிய காரியமன்று.

மூன்றாவது, காலபோகத்துக்கு முன்னும் சிறுபோகத்துக்கு முன்னும் பலகையைக் கழற்றி, சில்லைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். ஆயுத பூசை காலபோக வேலையை ஒட்டியே வருகின்றது. அன்று வாகனத்தைக் கழுவிச் சந்தனப் பொட்டிட்டு எலுமிச்சங்காய் வைக்கின்றோம். அதற்கு முதல் வாரம் அடியையும் கழுவி, கண்வளையத்தையும் ஆணியையும் கொழுவியையும் பார்த்து, பின்விளக்கும் ஒளிதெறி தகடும் பூட்டினால், கருவிக்குச் செய்யும் பூசை உண்மையான பூசையாகும்.

நான்காவது, சாரதியின் சொல்லுக்கு மதிப்பு வேண்டும். உழவு இயந்திரத்தின் வலது இடது தடுப்பு மிதிகளை வீதியில் ஒன்றாய்ப் பிணைத்து ஓட்டவேண்டும். அப்பிணைப்புக் கெட்டிருந்தால், “இன்று வீதிக்கு எடுக்கமாட்டேன்” என்று சொல்லும் உரிமை அவருக்கு இருத்தல் வேண்டும். அதைச் சொன்னதற்காக அவருடைய நாட்கூலி வெட்டப்படலாகாது. பழுதை அறிவித்தவனைத் தண்டிக்கும் சங்கத்தில் அடுத்த பழுதை எவனும் அறிவியான்.

அந்தக் கராஜில் அன்று என்ன நடந்தது என்று வாசகர் கேட்கலாம். விளக்கை மட்டும் திருத்தித் தந்தாற் போதும், மற்றவற்றை அறுவடைக்குப்பின் பார்க்கலாம் என்றார் ஒருவர். மெக்கானிக் கட்டடக் கம்பித் துண்டைக் கையிலெடுத்து அவரிடம் கொடுத்து, “இதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. பெட்டி இங்கே நிற்கட்டும்” என்றார். பெட்டி அங்கேயே நின்றது. உறுப்பினர் தமக்குள் பணம் சேர்த்துப் பெயாரிங்கும் ஸ்பிறிங் தகடும் ஆணியும் வாங்கினர், எவரும் கடன்படவில்லை. இத்தனை நாளும் இல்லாதிருந்தது பணமன்று என்பது அன்று வெளியாயிற்று.

இத் தலையங்கத்தைப் படித்து முடித்ததும், வளவில் நிற்கும் பெட்டியின் அடியைக் குனிந்து பாருங்கள். அங்கே தெரிவது துரு மட்டுமன்று. எமது பொறுப்புணர்ச்சியின் அளவுமாகும்.