நேரத்தின் விலையும் பெண் வழக்குரைஞரும்

தாய்மையையும் வழக்குரைஞர் தொழிலையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்ற கேள்வி, மகளிர் தின நேர்காணல்களில் தவறாமல் இடம்பெறுகிறது. தந்தையான வழக்குரைஞரிடம் இதை எவரும் கேட்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்த எனக்கு, இது தனிநபரின் சாமர்த்தியம் பற்றிய கேள்வியாகவே தோன்றவில்லை. ஒரு தொழில் நேரத்துக்கு என்ன விலை வைக்கிறது என்பதே கேள்வி.

2023-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு இதை விளக்கியவர். சட்டத் தொழிலில் வாரம் 60 மணி நேரம் உழைப்பவர், 30 மணி நேரம் உழைப்பவரைப்போல் இருமடங்குக்கும் மேலாக ஈட்டுகிறார். எந்நேரமும் கிடைப்பவருக்கே அங்கு வெகுமதி. மருந்தாளுநர் தொழிலில் ஒருவர் இடத்தில் மற்றொருவர் நிற்க முடியும். ஆகவே குறைந்த நேரம் உழைப்பதற்கான தண்டனை அங்கு மிகச் சிறிது.

நம் நீதிமன்றங்களில் நிலைமை இன்னும் கடினம். பட்டியலில் 47-ஆவதாக உள்ள வழக்கு முற்பகலில் அழைக்கப்படலாம், பிற்பகலில் அழைக்கப்படலாம், அன்று அழைக்கப்படாமலே போகலாம். மாலையில் மூத்த வழக்குரைஞரின் அலுவலகத்தில் மறுநாளுக்கான கட்டுகள் காத்திருக்கும். கைக்குழந்தை உள்ளவரை வாட்டுவது வேலைப் பளுவைவிட இந்த நிச்சயமின்மைதான்.

சம்பளம் பெறும் பெண்களுக்கான பேறுகால விடுப்பு 2017-இல் 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. வழக்குரைஞரோ எவருக்கும் ஊழியர் அல்லர். அவருக்கு விடுப்பும் இல்லை, ஊதியமும் இல்லை. ஆறு மாதம் வராவிட்டால் கட்சிக்காரர் வேறொருவரிடம் போய்விடுவார். திரும்பி வருபவர் விட்ட இடத்திலிருந்து அல்ல, அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

விளைவு எண்களில் தெரிகிறது. நாட்டின் 17 லட்சம் வழக்குரைஞர்களில் பெண்கள் சுமார் 15 சதவீதமே என்று 2021-இல் அப்போதைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா குறிப்பிட்டார். மாவட்ட நீதித்துறையிலோ பெண் நீதிபதிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தேர்வு, மாதச் சம்பளம், விடுப்பு ஆகியவை உள்ள இடத்தில் பெண்கள் திரளாக இருக்கிறார்கள். திறமைக் குறைவு என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

ஆனால், உயர்நீதிமன்ற நீதிபதிகளில் பெரும்பங்கினர் வழக்குரைஞர்களிடையே இருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். முப்பது வயதில் தொழிலைவிட்டு விலகும் பெண், ஐம்பது வயதில் அந்தப் பரிசீலனையில் இருக்கமாட்டார். உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி 1989-இல் பதவியேற்றார். வழக்குரைஞராக இருந்து நேரடியாக அங்கு சென்ற முதல் பெண் இந்து மல்ஹோத்ரா. அது 2018-இல்தான் நிகழ்ந்தது.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. வழக்குகளுக்கு முற்பகல், பிற்பகல் என்றாவது நேரம் ஒதுக்கலாம். கொரோனா காலத்தில் பழகிய காணொலி விசாரணையை, கோருபவருக்கு உரிமையாக்கலாம். தமிழ்நாட்டில் வழக்குரைஞர் சேமநல நிதி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. வக்காலத்தில் ஒட்டும் வில்லையிலிருந்து பணம் சேர்கிறது. உறுப்பினர் மறைந்தால் குடும்பத்துக்கு உதவும் அந்த நிதி, குழந்தை பிறக்கும்போது சில மாதங்களுக்கு ஓர் உதவித்தொகை அளிக்கும்படி விதியைத் திருத்த முடியும். அந்த வில்லையின் விலையைச் சில ரூபாய் கூட்ட வேண்டியிருக்கலாம்.