12 பெரிசோ, 4 பெரிசோ?

கூடப் படிக்கிற நோர்வேப் பெடியன் ஒருத்தன், பாட்டன்ர இரட்டைக்குழல் துவக்கை விக்கப் போறான். குழலில "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" எண்டு வெட்டியிருக்கு. நல்ல விலை வருமெண்டு கனவு.

மேல கிடக்கிற பேரை நம்பாதேங்கோ. குழலைக் கழட்டி அடிப்பக்கம் பாக்கவேணும். அங்க முட்டை வட்டத்துக்குள்ள ஈ, எல், ஜி எண்டு மூண்டெழுத்து. நோர்வே மொழியில சேர்த்து வாசிச்சால் 'எல்க்' மான். லோறென்ஸ்கூக்கைச் சுத்திக் காடு, அதால மான் வேட்டைத் துவக்கெண்டே நினைச்சிட்டினம்! அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை. பேர்போன பர்மிங்காம் 'வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்' மாதிரித் தெரியட்டுமெண்டு அங்க இப்பிடிப் பேர்போட்டு மலிவாய்க் கனக்கச் செய்தவை.

குழலில சுருள்சுருளாய்க் கோலம் தெரிஞ்சால் டமாஸ்கஸ். வடிவுதான், ஆனால் கரிமருந்துக்குச் செய்தது. இப்பத்தைத் தோட்டா போட்டால் குழல் வெடிச்சு விரல் போகும். விக்க முதல் ஒருக்காச் சுட்டுப் பாப்பமெண்டவனை மறிச்சாச்சு.

இது 12 போர் (சண்டைப் போர் இல்லை). ஒரு றாத்தல் ஈயத்தில எத்தனை உருண்டை எண்டதுதான் கணக்கு. அதால எண் சின்னனாக வாய் பெரிசு. 4 எண்டால் ஓர் உருண்டையே கால் றாத்தல், 113 கிராம்! நல்ல கம்பனியின்ர 4, 8 போர் அருமை, அதுக்குத்தான் காசு. நுவரெலியாவில இருந்த சாமுவேல் பேக்கர் கொண்டு திரிஞ்சதும் அந்த அளவுத் துவக்குகள்தான், எங்கட ஆனையளைச் சுட. அவருக்கு முதல் மேஜர் றொஜர்ஸ் 1,400 ஆனைக்கு மேல சுட்டதாச் சொல்லுவினம். 1845இல மின்னல் அடிச்சுச் செத்தார்.